வழு எங்கே இருக்கிறது?

நமது இலக்கண நூலோர் வழு என்னும் சொல்லைக் கையாண்ட முறையை நான் நெடுங்காலமாக வியந்து வந்திருக்கிறேன். ஒரு தொடர் பிழைபட்டது என்று சொல்வதோடு அவர்கள் அமைந்துவிடவில்லை. அது திணை வழுவா, பால் வழுவா, இட வழுவா, கால வழுவா, வினா வழுவா, விடை வழுவா, மரபு வழுவா என்று ஏழாக வகுத்துக் கேட்டார்கள். வகை தெரிந்தால் திருத்தும் வழி தெரியும் என்பது அவர்கள் கருத்து. இக்காலத்தில் நமது பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் நூல்களும் கணினியில் நேரும் பிழையை வழு என்ற அதே சொல்லாற் குறிக்கின்றன. சொல்லைப் பெற்றுக்கொண்டோம். அதனோடு வகுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் பெற்றுக்கொண்டோமா என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் வினா.

நான் ஒரு கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்பித்து அதிபரானவன். கணினிக்குச் செய்நிரல் எழுதும் கலையோடு எனக்குத் தொடர்பு ஏற்பட்டது ஐம்பது வயதுக்குப் பின்னரேயாகும். அது ஏற்பட்ட வரலாற்றை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பாடசாலையில் இப்பாடத்தைக் கற்பித்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அடுத்தவர் வந்து சேர இரண்டு தவணைகள் கழிந்தன. அவ்விடைக்காலத்தில் ஒருநாள், உயர்தரக் கலைப்பிரிவில் பயின்ற மாணவி ஒருத்தி கடிதம் ஒன்றுடன் என் அலுவலகத்திற்கு வந்தாள். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைக் கைவிட்டு வேறொரு பாடத்தை எடுக்க அனுமதி வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். தந்தையாரின் கையொப்பமும் அதில் இருந்தது. ஒப்பமிடுவதற்கு நான் பேனாவை எடுத்துவிட்டேன். எடுத்தபின், வழக்கம்பற்றிக் காரணம் என்ன என்று கேட்டேன்.

"சேர், எனக்கு இந்தப் பாடம் ஏறாது. மூன்று நாளாக எழுதிப் பார்க்கிறேன். ஒரு வரிகூட வேலை செய்யவில்லை" என்றாள்.

ஒரு வரிகூட இயங்கவில்லை என்ற சொல் என் கையை நிறுத்தியது. எவ்வளவு பின்தங்கிய மாணவரும் ஒரு கட்டுரை எழுதினால் அதில் ஓரிரு வாக்கியமாவது சரியாக அமைந்துவிடும். மூன்று நாள் எழுதிய யாவும் பிழையாயின், பிழை அவ்வெழுத்தில் அன்றி வேறெங்கோ இருத்தல் வேண்டும் அன்றோ? கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, அவளுடன் கணினிக் கூடத்துக்குச் சென்றேன்.

அவள் எழுதியிருந்தது தன் பெயரைத் திரையிற் காட்டும்படி கேட்கும் ஒரே வரி. அதனை இயக்கியவுடன் கறுப்புச் சாளரத்தில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி தோன்றியது. அவள் கை உடனே அச்சாளரத்தை மூடப் போயிற்று. "அதை முழுவதும் வாசித்தாயா?" என்று கேட்டேன். "பிழை என்று வருகிறது, சேர்" என்றாள். அவள் அதை வாசித்ததில்லை. மூன்று நாளும் அச்செய்தியைத் தன்னைக் கடிந்துகொள்ளும் ஒரு குரலாகவே கருதி மூடியிருக்கிறாள். இருவருமாக அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்தோம். பைதன் என்னும் பெயர் உள்ளகக் கட்டளையாகவோ புறக் கட்டளையாகவோ அறியப்படவில்லை என்பது அதன் பொருள். அவள் எழுதிய வரியைப் பற்றி அச்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. கணினி அவளுடைய எழுத்தின் வாயிலுக்கே வந்து சேரவில்லை.

நேயர்களே, செய்நிரல் எழுதுவோருக்கு நேரும் தடைகளை அன்றுமுதல் நான் இரு பெரும் பிரிவாக வகுத்துக்கொண்டேன். ஒன்று எழுத்து வழு. அஃதாவது, எழுதிய செய்நிரலில் உள்ள பிழை. மற்றொன்று கள வழு. அஃதாவது, எழுதும் கருவி, இயக்கும் கருவி, கோப்புறை, அமைப்புக்கள் ஆகியவற்றால் ஆகிய களத்தில் உள்ள பிழை. எழுத்து வழுவைத் திருத்தப் பாடநூல் உதவும். கள வழுவைப் பற்றிப் பாடநூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. புதிதாகக் கற்பவர் முதல் நாளிலேயே முட்டிக்கொள்வது அதில்தான்.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு. புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, ஒரு சொல்லைத் திரையிற் காட்டும் ஒரே வரியை எழுதி இயக்குங்கள். அது இயங்குமாயின் களத்தின் அடிப்படை செவ்வனே இருக்கிறது. அது இயங்காவிடின், உங்கள் நூறு வரிச் செய்நிரலைத் தொடவே வேண்டாம். களத்தைப் பாருங்கள்.

களத்தில் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, எழுதும் கருவி வேறு, இயக்கும் கருவி வேறு என்பது. எழுதும் கருவியை மாணவர் எடிற்றர் என்பர். இன்று பெருவழக்காயிருப்பது, மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த விஷுவல் ஸ்ரூடியோ கோட் என்பது. விலையின்றிக் கிடைப்பது. பைதன் மொழியோ நெதர்லாந்து நாட்டவரான கீடோ வான் றொசம் 1991இல் வெளியிட்டது. நமது உயர்தர மாணவர் கற்பதும் அதுவே. எடிற்றர் ஒரு மேசையும் பேனாவும் போன்றது. எழுதியதைப் படித்துக் கணினியைச் செய்விக்கும் மொழிபெயர்ப்பாளரே பைதன். மேசையை வாங்கியதனால் மொழிபெயர்ப்பாளர் வீட்டுக்கு வந்துவிடமாட்டார். அவரைத் தனியே அழைத்து நிறுவ வேண்டும். இதை அறியாது எடிற்றரை மாத்திரம் நிறுவிவிட்டுக் காத்திருந்தோர் பலரை நான் கண்டிருக்கிறேன். பழைய கணினிகள் உள்ள பாடசாலைகள் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். விண்டோஸ் ஏழாம் பதிப்பில் இயங்கும் பைதனில் இறுதியானது 3.8. அதற்குப் பிந்தியவை அங்கு இயங்கா.

எங்கள் கூடத்திலோ பைதன் நிறுவப்பட்டிருந்தது. ஆயினும் அறியப்படவில்லை என்று செய்தி வந்தது. இதை விளக்க என் அலுவலகத்திலிருந்தே ஓர் உவமை சொல்கிறேன். அலுவலகச் சிற்றூழியரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து இன்னாரிடம் சேர்ப்பியுங்கள் என்கிறேன். அவர் கையில் அறைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அப்பட்டியலில் உள்ள அறைகளை மாத்திரம், உள்ள வரிசையிலேயே திறந்து பார்ப்பார். தேடப்படுபவர் நூலகத்தில் இருந்து, நூலகம் பட்டியலில் இல்லையாயின், அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்து சொல்வார். கணினியிலும் இத்தகைய பட்டியல் உண்டு. அதனைப் பாத் என்பர். பைதனின் கோப்புறை அதிற் சேர்க்கப்படாமையே எங்கள் இடர்.

வழக்கமான நிறுவியை விண்டோஸில் இயக்கும்போது முதற் சாளரத்தின் அடியில் ஒரு சிறு கட்டம் தோன்றும். பைதனைப் பாத்தில் சேர்க்கவா என்று அது கேட்கும். அக்கட்டம் இயல்பாகவே வெறுமையாயிருக்கும். அதில் அடையாளமிட மறந்தால் இவ்விடர் நேரும். நிறுவியை மீண்டும் இயக்கி அடையாளமிடலாம். அன்றேல் பீ, வை என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களைக் கட்டளையாகக் கொடுத்துப் பார்க்கலாம். பாத்தில் சேராத பைதனையும் பெரும்பாலும் அது கண்டுபிடித்து எழுப்பிவிடும். பட்டியலைத் திருத்தியபின் ஒன்று செய்யத் தவறக்கூடாது. திறந்திருக்கும் எடிற்றரையும் கட்டளைச் சாளரத்தையும் முற்றாக மூடித் திரும்பத் திறக்க வேண்டும். புறப்பட்டுவிட்ட சிற்றூழியர் கையில் இருப்பது பழைய பட்டியலே. நாங்கள் இதனை அறியாமல் சரியாகத் திருத்திய பின்னரும் ஒரு மணி நேரம் வீணாக உழன்றோம்.

இதே உவமை இரண்டாவது வழுவையும் விளக்கும். ஒரே பெயருடைய இருவர் பாடசாலையில் இருந்தால் சிற்றூழியர் யாரிடம் கடிதத்தைக் கொடுப்பார்? பட்டியல் வரிசையில் முதலிற் காண்பவரிடம். ஒரு கணினியில் இரண்டு மூன்று பைதன்கள் நிறுவப்பட்டிருப்பது அரிதன்று. மாணவர் ஒருவர் நம்பை என்னும் கணிதத் துணைநூலை நிறுவுகிறார். நிறுவியாயிற்று என்று கணினி சொல்கிறது. செய்நிரலை இயக்கினால் அப்பெயரில் துணைநூலே இல்லை என்று அதே கணினி சொல்கிறது. கணினி பொய் சொல்லவில்லை. துணைநூல் ஒரு பைதனிடம் சேர்ந்திருக்கிறது, செய்நிரலை மற்றொரு பைதன் இயக்குகிறது. பைதன் கோப்பொன்றைத் திறந்திருக்கும்போது, விஷுவல் ஸ்ரூடியோ கோட்டின் கீழ்ப்பட்டியில் வலப்புறம் எந்தப் பைதன் தெரிவு செய்யப்பட்டுள்ளது என்பது பதிப்பெண்ணுடன் தெரியும். அதனைச் சொடுக்கி உரியதைத் தெரிந்துகொள்ளலாம். துணைநூலை நிறுவும்போது பிப் என்னும் கட்டளையைத் தனியே கொடாமல், பைதன் என்று எழுதி, சிறு கோடிட்டு எம் என்னும் எழுத்தையும் அதன்பின் பிப் என்பதையும் எழுதினால், எந்தப் பைதனை அழைத்தோமோ அதனிடமே துணைநூல் சேரும்.

மூன்றாவது பெயர் மயக்கம். எழுந்தமானமாக எண்களைத் தரும் ராண்டம் என்னும் துணைநூலைப் பயில விரும்பும் மாணவர், தம் கோப்புக்கும் ராண்டம் என்றே பெயரிடுவது இயல்பு. இயக்கப்படும் செய்நிரல் இருக்கும் கோப்புறையையே பைதன் முதலிற் பார்க்கிறது. ஆகவே மெய்யான துணைநூலுக்கு முன் மாணவரின் கோப்பே அகப்படும். தன்னையே தான் அழைத்துக்கொண்டு செய்நிரல் தடுமாறும். கோப்பின் பெயரை மாற்றுவதே இதற்கு மருந்து. அண்மைக்காலப் பதிப்பான 3.13 முதலாக, பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பைதனே செய்தியிற் சொல்கிறது. வாசிப்பவர் இருந்தால்தான் அதனாற் பயன்.

நான்காவது வகை, கண்ணுக்குப் புலனாகாத எழுத்துக்களால் வருவது. பைதனில் வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடம் பொருளுடையது. ரப் விசையால் விட்ட இடமும் இடைவெளி விசையால் விட்ட இடமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும் கணினிக்கு வெவ்வேறு. இரண்டும் கலந்தால் பைதன் மறுத்துவிடும். எடிற்றரில் வெற்றிடங்களைப் புள்ளியாகவும் அம்பாகவும் காட்டும் வசதி உண்டு. அதனைத் திறந்தால் மறைந்திருந்த கலப்பு வெளிப்படும். மேற்கோட்குறிகளும் இவ்வாறே. வேர்ட் போன்ற உரை மென்பொருளில் எழுதி ஒட்டினால் நேர்க்குறிகள் வளைந்த குறிகளாகிவிடும். அவற்றைப் பைதன் ஏற்காது.

தமிழில் எழுதுவோர்க்கு மேலும் ஓர் இடர் உண்டு. நமது அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. பாமினியில் நாம் காணும் அகரம் கணினிக்கு ஆங்கில எம் என்னும் எழுத்தே. தமிழின் தோற்றம் எழுத்துருவில் மாத்திரம் இருக்கிறது. அவ்வுரையை எடிற்றரில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். ஒருங்குறியில் எழுதினாலன்றிக் கணினி அதைத் தமிழென்று அறியாது. ஒருங்குறியில் எழுதியதையும் எட்டு என்னும் எண்ணொடு கூடிய யூ.ரி.எவ். முறையில் சேமித்து, படிக்கும்போதும் அம்முறையையே குறிப்பிட வேண்டும். அம்முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைற்றுக்களாகப் பதிவாகிறது. வேறு முறையிற் படித்தால் அம்மூன்றும் தனித்தனியே பிரிந்து, அறிமுகமற்ற இலத்தீன் குறிகளாகத் திரையில் நிற்கும். அப்போது கோப்பு கெட்டுவிட்டது என்று அஞ்சி அழித்துவிட வேண்டாம். கோப்பு நலமாகவே இருக்கிறது. படிக்கும் முறையே தவறு.

ஐந்தாவது, இயக்குவது வேறு கோப்பாயிருத்தல். திருத்தத் திருத்தப் பழைய விடையே வந்தால் இதனை ஐயுறுக. கோப்பின் பெயரருகே மூடும் குறிக்குப் பதிலாக ஒரு புள்ளி தோன்றினால், திருத்தியது இன்னும் சேமிக்கப்படவில்லை என்பது பொருள். விண்டோஸ் கோப்பின் பெயரீற்றை மறைத்துக் காட்டும் வழக்கமுடையது. நோட்பாட்டில் எழுதிய பைதன் கோப்பு தன் ஈற்றில் உரைக்கோப்புக்குரிய பெயரையும் மறைவாகத் தாங்கி நிற்கக்கூடும். ஐயம் தீர, செய்நிரலின் முதல் வரியில் உங்கள் பெயரைக் காட்டும்படி எழுதி இயக்குங்கள். பெயர் வராவிடின், நீங்கள் எழுதுவது ஒன்று, இயங்குவது மற்றொன்று.

ஆறாவது, எடிற்றரோடு சேர்க்கும் துணைக்கருவிகளால் வருவது. ஒன்றோடொன்று முரண்பட்டு அவை எடிற்றரை மந்தமாக்கும், அல்லது தவறான இடங்களிற் சிவப்புக் கோடிடும். முப்பத்திரண்டு துணைக்கருவிகளுள் குற்றவாளி ஒன்றாயின், ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டுவதில்லை. பாதியை நிறுத்திப் பாருங்கள். குறை நீங்கினால் குற்றவாளி நிறுத்திய பாதியில், நீங்காவிடின் மறுபாதியில். பதினாறு, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என ஐந்து சோதனையில் அது அகப்பட்டுவிடும். விஷுவல் ஸ்ரூடியோ கோட்டில் இவ்வாறு பாதி பாதியாகத் தேடித்தரும் கட்டளையே உண்டு.

இவ்வகைகள் யாவற்றுக்கும் பொதுவான ஒழுக்கம் மூன்று. செய்தியை முழுவதும் வாசித்தல் முதலாவது. பைதன் தரும் நீண்ட செய்தியில் கடைசி வரி என்ன நேர்ந்தது என்பதையும், அதற்கு மேலுள்ள வரிகள் எந்தக் கோப்பில் எத்தனையாம் வரியில் நேர்ந்தது என்பதையும் சொல்லும். ஆகவே கீழிருந்து மேலாக வாசித்தல் நலம். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் இரண்டாவது. பதற்றத்தில் ஐந்தை ஒருங்கே மாற்றுபவருக்குக் குறை நீங்கினாலும் எதனால் நீங்கிற்று என்பது தெரியாது. நீங்காவிடின் பழைய நிலைக்குத் திரும்பவும் இயலாது. செய்ததைக் குறித்து வைத்தல் மூன்றாவது.

குறித்து வைத்தலுக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 9ஆம் திகதி, அமெரிக்காவில் ஹாவார்ட் மார்க் இரண்டு என்னும் கணிப்பொறி வழுப்பட்டபோது, அதன் எழுபதாம் இலக்க மின்தொடுப்பியில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டார்கள். அதனை எடுத்தெறியாமல் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தார்கள். பொறிகளின் குறையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கு அதற்கு முன்னரே இருந்தது. எடிசன் 1878இல் எழுதிய கடிதமொன்றிலும் அச்சொல் இருக்கிறது. ஆயினும் அப்பக்கம் ஸ்மித்சோனியன் நூதனசாலையிற் பேணப்படும் அளவுக்கு மதிப்புப் பெற்றது, கண்டவர்கள் கண்டதை எழுதி வைத்தமையால் அன்றோ? நமது கணினிக் கூடங்களிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். எந்தக் கணினியில், எந்த நாளில், என்ன செய்தி வந்தது, எதனால் தீர்ந்தது என்று எழுதப்படட்டும். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றாலும் அக்கொப்பி செல்லாது.

இனி அந்த மாணவியிடம் திரும்புகிறேன். மாலை நான்கு மணியளவில் எடிற்றரை மூடித் திரும்பத் திறந்தோம். அவள் மூன்று நாளைக்கு முன் எழுதிய அதே வரியை, ஓர் எழுத்தும் மாற்றாமல் இயக்கினாள். திரையில் அவள் பெயர் தோன்றியது. அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அப்படியென்றால் நான் எழுதியது முதல் நாளே சரிதானா, சேர்?" என்று கேட்டாள். சரிதான் என்றேன். கடிதத்தை மறுநாட் காலையில் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

அன்றிரவு எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுதியாயிருந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அத்தகைய கடிதங்களுக்கு நான் காரணம் கேளாமல் ஒப்பமிட்டிருக்கிறேன். ஏறாது என்று சொன்ன பிள்ளைகளின் சொல்லை அப்படியே நம்பியிருக்கிறேன். அவர்களுள் எத்தனை பேர் சரியாக எழுதியிருந்தும், நிறுவும்போது யாரோ அடையாளமிட மறந்த ஒரு சிறு கட்டத்தின் பொருட்டுத் தம் அறிவைத் தாமே குறைத்து மதித்தார்கள் என்பதை இனி அறிய வழியில்லை.

ஆகவே ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குச் செய்நிரல் எழுதத் தெரிய வேண்டுவதில்லை. பிள்ளை தன்னால் முடியாது என்று வரும்போது, அருகே அமர்ந்து, திரையில் வந்த செய்தியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அது எழுத்து வழுவா, கள வழுவா என்று கேளுங்கள். அவ்வளவிற்கு அகராதியும் பொறுமையும் போதும். மாணவர்களே, செய்தி வந்ததும் சாளரத்தை மூடாதீர்கள். அது உங்களைப் பழிப்பதற்கு வந்ததன்று. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல வந்தது. அதனை இறுதிவரை வாசித்துவிட்டு, அதன்பின் வேண்டுமாயின் அதிபரிடம் கடிதம் கொண்டுவாருங்கள்.